எட்டாம் நாள் வந்த விட்டில்

அணுபுரம் குடியிருப்பில் ஆதியம்மாள் மீன் கூடையோடு வருவது இரண்டு தெருவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். குரல் அப்படி. "சங்கரா கீது, வவ்வா கீது, எறா கீது! வாங்கறவ வெளிய வா, வேடிக்க பாக்கறவ கதவ சாத்திக்க!" மீனை முகர்ந்து பார்க்கிற பெண்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "இன்னா மோந்துகினு கீற, மல்லிப்பூவா இது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். திட்டு வாங்கினாலும் மீன் வாங்காமல் இருக்கமாட்டார்கள்; சரக்கு அவ்வளவு புதுசு. ஒரே குறை, வெட்டித் தரமாட்டாள். மற்ற மீன்காரிகள் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, செதில் தேய்த்து, துண்டு போட்டு, தலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். இவள் கூடையில் கத்தியே கிடையாது.

கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை என்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த சியாமளா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏம்மா, ஒரு வெட்டு வெட்டிக் குடுத்தா ஒன் கை என்ன தேஞ்சா போயிரும்?"

"நான் கத்தி எடுக்கறதில்லம்மா. வோணும்னா முழுசா எடு, இல்லாங்காட்டி வுடு."

ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று சியாமளா நினைத்துக்கொண்டாள். வேண்டுதலாவது, வெங்காயமாவது! ஒரு காலத்தில் கத்தி எடுத்த கைதான் அது. எடுத்து என்ன செய்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பனைமேட்டுக் குப்பம் என்று நூறு வீடு இருக்கும். ஆதியம்மாள் அங்கேதான் பிறந்தாள், அங்கேயே வாழ்க்கைப்பட்டாள். சின்ன வயசிலிருந்தே சட்டென்று கை நீட்டிவிடுகிறவள். கரையில் மீன் ஏலம் விடும்போது தன்னைத் தள்ளிவிட்டு முன்னால் போன வெளியூர் வியாபாரியைத் திருக்கை மீன் வாலால் விளாசினவள். அவன் முதுகில் விழுந்த வரியைப் பார்த்துவிட்டு ஆம்பிளைகளே இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். புருஷன் பக்தவச்சலமும் லேசுப்பட்டவன் இல்லை. அவன் அறைந்தால் இவள் சட்டியை எடுத்து அடிப்பாள். காலையில் அவனுக்கு உதடு கிழிந்திருக்கும், இவளுக்குக் கண் வீங்கியிருக்கும், இரண்டு பேரும் ஒரே தட்டில் பழையது தின்றுகொண்டிருப்பார்கள். குறுக்கே யாராவது நியாயம் பேச வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அவனை உதைப்பார்கள். அப்படி ஒரு குடித்தனம். அவளுக்கு அவன் மேல் உயிர்.

பக்தவச்சலத்தோடு கட்டுமரத்தில் கூடப் போகிறவன் தாமோதரன். இவனைவிட ஐந்தாறு வயசு சின்னவன், "அண்ணன், அண்ணன்" என்று வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன். பொண்டாட்டி பானுமதி அதட்டினாலே அடங்கிவிடுவான். ஆனால் உள்ளே சரக்கு போய்விட்டால் அவனுக்கும் வாய் வந்துவிடும். அந்த ஆனி மாசம் சவுக்குத்தோப்பில் குடித்துவிட்டு, வலையைப் பாறையில் மாட்டிக் கிழித்தது யார் என்று இரண்டு பேருக்கும் சண்டை. பக்தவச்சலம் அவனைக் கீழே தள்ளி நெஞ்சில் மிதித்தான். எழுந்தவன் மூக்கில் ரத்தம் ஒழுக, அத்தனை பேர் முன்னாலும் கத்தினான். "ஒருநாளு இல்ல ஒருநாளு உன்ன கடல்ல தள்ளி வுட்டுட்டு வரேன் பாரு!"

குடிகாரன் பேச்சு. மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனார்கள். ஆனால் சொன்ன சொல் கரையிலேயே கிடந்தது.

அந்த வாரமே கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளுகிற மேல்காற்று. போன கட்டுமரங்கள் எல்லாம் தட்டுத் தடுமாறித் திரும்பின. பக்தவச்சலத்தின் மரம் மட்டும் வரவில்லை. மறுநாள் மத்தியானம் தாமோதரன் ஒருத்தன் மட்டும் கரையில் வந்து விழுந்தான். கயிறு உரசி உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. அவனுக்கு அடியில் பாதி மரம்தான் இருந்தது.

"அலை தூக்கி அண்ணன வெளிய வீசிட்ச்சி அண்ணி," என்று ஆதியம்மாளின் காலடியில் கிடந்து அழுதான். "நடுக்கட்டைய அவுத்து அவராண்ட தள்ளி வுட்டேன். புடிச்சாரா இல்லியான்னு தெரில. இன்னொரு அலைக்கு அப்பால ஆளக் காணம்."

பக்தவச்சலத்தின் தம்பி முனிசாமி காறித் துப்பினான். "கேட்டீங்களா கதைய! கடல் கொந்தளிக்கசொல்ல எவனாவது தான் நிக்கற மரத்தயே அவுப்பானா? அவன் முழுவறதுக்கா? புளுகுறான் அண்ணி. சொன்ன மாதிரியே பண்ட்டு வந்துட்டான்."

கடல் தெரிந்தவர்களுக்கு முனிசாமி கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மூன்று கட்டையைக் கயிறு போட்டு இறுக்கினால்தான் அது கட்டுமரம். அதில் ஒன்றை நடுக்கடலில் அவிழ்க்கிறவன் பைத்தியமாக இருக்கணும், இல்லாவிட்டால் பொய் சொல்லணும். ஆதியம்மாள் சோறு தண்ணி இல்லாமல் கரையில் உட்கார்ந்தாள். புருஷன் போய்விட்டான் என்பதைக்கூட மென்று விழுங்கிவிடலாம். கடல் கொண்டு போனதா, இந்தப் பயல் தள்ளிவிட்டானா என்று தெரியாமல் அவளால் மூச்சுவிட முடியவில்லை. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடலில் போய் உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் எட்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் கரையிலேயே படையல் போடுவார்கள். இலை விரித்து, அவனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, பக்கத்தில் அவன் சட்டையைப் பரப்பி, விளக்கேற்றிவிட்டு எல்லாரும் வாய் திறக்காமல் காத்திருப்பார்கள். இலைக்கு முதலில் வருகிற உயிர்தான் செத்தவன். அது யார் பக்கம் போகிறதோ அவரிடம் செத்தவனுக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் நண்டுதான் வரும். மணல் நண்டு ஒன்று வந்து இலையைக் கிள்ளிவிட்டு வளைக்குள் ஓடும். "வந்துட்டுப் போய்ட்டான்" என்று ஒரு மூச்சு அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் எந்த வில்லங்கமும் இல்லை.

பக்தவச்சலத்துக்குத் தேன் என்றால் பைத்தியம். சாராயத்தில்கூட ஊற்றிக் குடிப்பான். அதனால் எட்டாம் நாள் காலையில் தாமோதரன் தோல் உரிந்த கையோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்துக்கு அந்தண்டை காட்டோரம் போனான். அங்கே இருளர் குடிசைகளில் ராஜம் என்று ஒருத்தி, குப்பத்துக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கருவாடு வாங்கிப் போகிறவள். அவளும் அவள் புருஷனும் அவனைக் காட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு மரப்பொந்தில் புகை போட்டார்கள். தாமோதரன் கையை விட்டு அடையைப் பிய்த்தான். முகமெல்லாம் தேனீ கொட்டி வீங்கிவிட்டது, சட்டை முன்பக்கம் முழுக்கத் தேன். அடையைத் தூக்குவாளியில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பினான்.

அந்த அடைக்குள் இன்னொரு ஜீவனும் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன காட்டில் ஒரு விட்டில் உண்டு. பருந்து விட்டில் என்று படித்தவர்கள் சொல்கிற இனம். கட்டை உடம்பு, ஒடுங்கின நீள இறக்கை, பறந்தால் குருவியா பூச்சியா என்று சந்தேகம் வரும். வயிறு மஞ்சள், குறுக்கே கருப்புப் பட்டை. முதுகில் மண்டையோடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இரண்டு கண் குழியும் தாடையுமாக, யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கும். புழுவாக இருக்கும்போது வால் பக்கம் ஒரு கொம்போடு நொச்சி இலையைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் போய்ப் படுக்கும். இறக்கை முளைத்து வெளியே வந்ததும் தேன் கேட்கும். மற்ற பருந்து விட்டில்களுக்குப் பூவின் அடிவரைக்கும் போகிற நீள மூக்கு உண்டு. இதற்குக் குட்டை மூக்கு, ஊசி மாதிரி. அதனால் பூவை விட்டுவிட்டுத் தேன்கூட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும், திருட்டுக் கழுதை. உடம்பில் தேனீ வாசனை வேறு. அப்படியும் தேனீக்கள் கண்டுபிடித்தால் குத்திக் கொன்று மெழுகில் புதைத்துவிடும். தொட்டாலோ பயந்தாலோ எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தும். பூச்சி கத்துமா என்று கேட்காதீர்கள், இது கத்தும். அப்படி ஒன்று முந்தின நாள் வயிறு முட்டக் குடித்துவிட்டு, புகையில் கிறங்கி, அடையோடு அடையாகத் தூக்குவாளிக்குள் வந்துவிட்டது.

காட்டில் அதைத் தெரியாதவர் கிடையாது. கடல்கரையில் அதை ஒருத்தரும் பார்த்ததில்லை.

பொழுது விழுகிற நேரத்துக்குத் தாமோதரன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். இலை போட்டாகிவிட்டது. வறுத்த மீன், பீடிக்கட்டு, சாராயம், பக்தவச்சலத்தின் நீலக் கட்டம் போட்ட சட்டை. மீன் அரிந்த கத்தியை ஆதியம்மாள் பக்கத்திலேயே மணலில் போட்டிருந்தாள். விளக்கை ஏற்றினார்கள். "அண்ணனுக்குத் தேனு," என்று முனகிக்கொண்டே தாமோதரன் இலை முன்னால் குந்தித் தூக்குவாளியைத் திறந்தான்.

உள்ளேயிருந்து அது ஊர்ந்து வந்தது. வாளி விளிம்பில் நின்று உடம்பு நடுங்க இறக்கையை அதிர்த்தது. விளக்கு வெளிச்சத்தில் முதுகு தெரிந்ததும் பெண்கள் பக்கம் ஒருத்தி வீல் என்று கத்தினாள். மண்டையோடு! அது ஜிவ்வென்று எழும்பி விளக்கை ஒரு சுற்று, பக்தவச்சலத்தின் சட்டைமேல் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நேரே போய்த் தாமோதரனின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அங்கேதானே தேன் பிசுக்கு? ஒட்டிக்கொண்டு கீச், கீச் என்று கத்தியது.

"அண்ணன் பேசறாருடா!" என்று முனிசாமி அலறினான். "எவன் நெஞ்சுல வந்து ஏறிகினு கத்துறாரு பாத்தீங்களாடா!"

தாமோதரனும் அந்தக் குப்பத்துக்காரன்தானே? வந்திருப்பது அண்ணன் என்று அவனும்தான் நம்பினான். நம்பினவன் சும்மா இருந்திருக்கலாம். பயத்தில் தன்னை அறியாமல் பட்டென்று நெஞ்சில் ஓர் அறை அறைந்துவிட்டான். விட்டில் நசுங்கி, மஞ்சள் வயிறு பிதுங்கி, இலை மேலேயே விழுந்தது.

அவ்வளவுதான். "செத்தவன ரெண்டாம் வாட்டியும் கொல்றான்டா!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

முனிசாமி துடுப்பால் போட்ட முதல் அடியில் தாமோதரனின் தோள் இறங்கியது. பத்துப் பேர் பாய்ந்தார்கள். வயிற்றில் மிதித்தார்கள், முகத்தை மணலில் வைத்துத் தேய்த்தார்கள், ஒருத்தன் அந்தத் தூக்குவாளியாலேயே மண்டையில் அடித்தான். தேனும் ரத்தமும் மணலுமாக அவன் புரண்டான். பானுமதி இடையில் விழுந்து மறித்தாள். அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து எறிந்தார்கள். "அண்ணி! நான் தள்ளலண்ணி! கட்டைய குட்தேண்ணி!" என்று அவன் ஆதியம்மாளைப் பார்த்துத்தான் கத்தினான். அவள் ஒருத்தி நிறுத்தச் சொன்னால் நிறுத்தியிருப்பார்கள்.

ஆதியம்மாள் எழுந்தாள். எட்டு நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்ததற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. "கட்டைய குட்தியாடா, பேமானி! இன்னும் பொய்யாடா! அவரே வந்து சொல்ட்டாருடா!" கத்தி கையில் இருந்தது. கழுத்தைப் பார்த்துத்தான் வீசினாள். அவன் வலது கையைத் தூக்கி மறித்தான். சுறா முள்ளை அறுக்கிற கத்தி அது. கட்டைவிரலைத் தவிர மற்ற நாலும் ஒரே வீச்சில் போய்விட்டன. இரண்டு மணலில் விழுந்தன, இரண்டு தோலில் தொங்கின. அவன் அலறிய அலறலில் மற்றவர்களே கையை எடுத்துவிட்டார்கள். அவள் மறுபடி ஓங்கினாள். பானுமதி வந்து அவள் மணிக்கட்டைக் கடித்துத் தொங்காவிட்டால் அன்றைக்கு ஓர் உயிர் போயிருக்கும்.

வேன் பிடித்துச் செங்கல்பட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சுறா வெட்டும்போது பட்டுவிட்டது என்று சொல்லச் சொல்லி ஊரே பேசி வைத்துக்கொண்டது. ஆதியம்மாளுக்குத் துளி வருத்தம் இல்லை, அதை மறைக்க என்ன இருக்கிறது? கத்தியைக் கடல் தண்ணியில் கழுவினாள். வீட்டுக்குப் போய் எட்டு நாளைக்கு அப்புறம் ஒரு சட்டி சோறு தின்றுவிட்டுப் படுத்தாள். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

மூன்று நாள் கழித்து ராஜம் கருவாட்டுக்காக வந்தாள். குப்பமே ஒரு மாதிரி இருக்கிறதே என்று விசாரித்தாள். ஆதியம்மாள் பெருமையாகவே சொன்னாள், மண்டையோடு சுமந்துகொண்டு புருஷன் வந்தது, கத்தினது, ஆளைக் காட்டினது எல்லாம்.

ராஜம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! அது தேன்திருடிடி! எங்க காட்டுப்பூச்சி. கூட்டப் பிச்சா மாசத்துக்கு ரெண்டு வுழும். கத்தும், ஆமா. என் புள்ளைங்க அத்தப் புடிச்சி காதாண்ட வச்சிகினு வெளாடும். இதுக்காடி ஒரு ஆளு கைய எடுத்தீங்க?"

ஆதியம்மாள் அவளை ஓங்கி அறைந்தாள். தேன்பானையைத் தூக்கி உடைத்தாள். "என் புருசனாடி பூச்சி? போடி, இந்தப் பக்கம் வந்த, உன்னியும் வெட்டுவேன்!" ராஜம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். உடைந்த பானை ஓட்டில் எறும்பு மொய்க்கிறவரைக்கும் ஆதியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் வெயில் ஏறின நேரத்தில், ரோட்டில் பஸ் நின்று, இரவல் லுங்கியும் பனியனுமாக ஓர் ஆள் இறங்கி வந்தான். உதடு வெடித்து, முகம் தோல் உரிந்து, கண் உள்ளே போய். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். முனிசாமி பயத்தில் கல்லை எடுத்து அடித்தான். அது நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. "எவன்டா அவன், சோமாறி! அடிக்கற?" என்று கேட்ட குரல் பக்தவச்சலத்தினுடையது. பேய்க்கு ரத்தம் வருமா?

ஆதியம்மாள் ஓடிவந்து அவன் முகத்தை, கையை, நெஞ்சைத் தடவிப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தான். அவன் அவளைத் தள்ளிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது: "தாமு எங்கடி? கரை சேந்தானா?"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"பாதி மரத்துல நின்னானேடி! நடுக்கட்டைய அவுத்து என்னாண்ட தள்ளி வுட்டான். பைத்தியக்காரன்! அதும்மேல குப்புறப் படுத்துகினு கெடந்தேன், ரெண்டு நாளு. ஆந்திராக்காரன் விசைப்படகு தூக்கிச்சி. காக்கிநாடால எறக்கி வுட்டான். எந்திரிக்க முடியாம அங்கயே ஜொரத்துல கெடந்தேன். நான் கீறேன்னா அவனால கீறேன். எங்கடி அவன்?"

யாரோ சொன்னார்கள். பக்தவச்சலம் நிற்க முடியாத உடம்போடு துடுப்பைத் தூக்கினான். முனிசாமியின் பல் இரண்டு அன்றைக்குப் போயிற்று. ஆதியம்மாளின் முதுகில் விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவள் திருப்பி அடிக்கவில்லை. "அடி," என்றாள். "இன்னும் அடி." அவன் களைத்து மணலில் விழுந்த பிறகு, அப்படியே, கிழிந்த ரவிக்கையோடு புடவையைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வார்டு வாசலில் பானுமதி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆதியம்மாளைக் கண்டதும் சூடு கஞ்சியை அவள் மேல் கொட்டினாள். செருப்பைக் கழற்றி முகத்திலும் வாயிலும் மாறி மாறி அடித்தாள். "எதுக்குடி வந்த? மிச்ச வெரலயும் எடுக்கவா?" நோயாளிகள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். ஆதியம்மாள் கையைக்கூடத் தூக்கவில்லை. பானுமதி கை ஓய்ந்து சுவரில் சாய்ந்து அழுத பிறகு உள்ளே நடந்தாள். அடி வாங்கத்தான் வந்திருக்கிறாள். அவனும் அடிக்கட்டும், காறித் துப்பட்டும், கழுத்தை நெரிக்கட்டும்; அப்படி ஏதாவது செய்துவிட்டால் தன்னால் திரும்பி நடந்து போக முடியும் என்று நினைத்தாள்.

தாமோதரன் அவளைப் பார்த்ததும் கட்டிலில் பின்னுக்கு நகர்ந்து, கட்டுப் போட்ட கையை வயிற்றோடு மறைத்துக்கொண்டான். "அண்ணி, வேணாண்ணி," என்றான்.

"அவரு வந்துட்டாரு, தாமு." என்றாள் ஆதியம்மாள். "உயிரோட வந்துட்டாரு. நீ குட்த கட்டையிலதான் கெடந்தாராம்."

அவன் கட்டிலைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "மெய்யாலுமா? அண்ணனா? ஏ பானு! அண்ணன் கீறாருடி! நான் சொல்லல? கட்டைய புட்சிகினாருடி!" சிரித்தான், அழுதான், சாமியைக் கும்பிட இரண்டு கையையும் தூக்கினான். கட்டுப் போட்ட கை மற்றக் கையோடு சேரவில்லை. அதை அவன் கவனிக்கக்கூட இல்லை.

"அடிடா என்ன," என்று ஆதியம்மாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "எதுனா பண்றா, தாமு. இப்படி சிரிக்காதடா."

அவன் குனிந்து, இருக்கிற கையால் அவள் தோளைத் தொட்டான். "அத்த வுடு அண்ணி. அண்ணன் எதுனா சாப்ட்டாரா?" என்று கேட்டான்.